வண்டியில் ஒரு குறையும் இல்லை

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரில் ஒரே ஒரு குட்டியானையாம். அதை ஓட்ட ஒரே ஒரு டிரைவராம். அந்த டிரைவருக்கு ஒரே ஒரு பெண்ணாம்.

சிரிக்காதீர்கள் அண்ணே. எனக்கு எதையும் இப்படித்தான் ஆரம்பிக்கத் தெரியும். தாத்தா கதை சொல்லி வளர்ந்த பிள்ளை நான். அவர் கதை சொன்னால் எதிரே இருப்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் ராஜகுமாரன் குதிரை மேலேயே நிற்பான், மறுநாள் சாயங்காலம் வரைக்கும். நீங்கள் உம்கூடக் கொட்ட வேண்டாம். அம்மா வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், பார்த்து.

அம்மா செராக்ஸ் எடுக்கத்தான் போயிருக்கிறாள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், ஒவ்வொன்றிலும் மூன்று காப்பி வேண்டும் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். கடை வேன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். இந்த வெயிலிலும் அங்கே கூட்டம் இருக்கும்.

நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வருகிறேன். வண்டியை வாங்கலாமா என்று பார்க்க வந்து, அதன் மேலே போட்டிருந்த ஃப்ளெக்ஸைத் தூக்கினீர்கள். உள்பக்கம் அப்பா முகம். வெயில் பட்டால் வெளுத்துவிடும், முகத்தை உள்ளே வைத்துப் போடு என்று அம்மாதான் சொன்னாள். அப்பா முகத்துக்குக் கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு, மனைவி என்று அம்மா பெயர், மகள் என்று என் பெயர். ரெ. சுடர்க்கொடி, பி.எஸ்சி., எம்.எஸ்., அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி. அதைப் படித்துவிட்டு, "அட, பாப்பா ஜெர்மனியா?" என்று கேட்டீர்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கலாம். நாலு மாதமாக எல்லோரிடமும் அதைத்தான் செய்கிறேன். உங்களிடம் ஏனோ ஆட்ட வரவில்லை. நீங்கள் தா.பேட்டைக்காரர். துறையூரில் உங்களுக்கு யாரையும் தெரியாது.

ஜெர்மனி எனக்குக் கிடைக்கவில்லை அண்ணே. இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள். இது இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. இந்த வண்டியை அம்மா விற்பது நான் ஜெர்மனி போவதற்காக. புரிகிறதா? இல்லாத ஜெர்மனிக்கு இருக்கிற வண்டி போகப்போகிறது.

நான் பொய் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய் சொன்னது அப்பா.

போனவரைப் பற்றி இப்படிப் பேசக்கூடாதுதான். ஆனால் நடந்தது அதுதான்.

அப்பா பெயர் ரெங்கராஜு. இந்த வண்டியில் அதிகமாக ஏறியது போர் பைப்புதான். எங்கேயாவது போர் போட்டால் பைப்பை ஏற்றிக்கொண்டு போவார். உப்பிலியபுரம், பச்சைமலை அடிவாரம், எல்லாப் பக்கமும். சாயங்காலம் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டே அன்றைய கதையைச் சொல்வார். ஆயிரம் அடி போயும் வெறும் புழுதி பறந்த கதை. ஒரு ஆள் மோட்டார்கூட முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாராம். தண்ணீர் இல்லை என்றதும், கல்யாணத்துக்கு வந்தவர்களை அனுப்புவது மாதிரி, எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாராம். "கீழ என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியல பாப்பா. தண்ணி பாக்குறேன்னு உள்ளங்கையில தேங்காய வெச்சுக்கிட்டு நடக்குறானுங்க" என்பார்.

அதனால்தான் நான் ஜியாலஜி படித்தேன். திருச்சியில், பஸ்ஸில் போய் வந்து. அதற்கு மேலே நிலத்தடி நீர் பற்றிப் படிக்க ஜெர்மனியில் நல்ல இடங்கள் இருக்கின்றன, ஃபீஸும் அவ்வளவாகக் கிடையாது என்று ரோஸ்லின் மேடம் சொன்னார்கள். எங்கள் டிபார்ட்மென்ட் மேடம். அவர்கள் சொல்லித்தான் போட்டேன்.

போட்ட நாளிலிருந்து அப்பா என்னை விடவில்லை. "என்ன பாப்பா, செர்மனிக்காரன் என்ன சொல்றான்?" தினமும் இதே கேள்வி. ஜெர்மனிக்காரன் என்னவோ ஸ்டாண்டில் இவருக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற ஆள் மாதிரி. சாப்பிடும்போது கேட்பார். பல் விளக்கும்போது நுரையோடு கேட்பார். நான் இன்னும் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை என்பேன். "வேலையா இருப்பான். மெதுவா சொல்லட்டும்" என்பார். மறுநாள் மறுபடியும் கேட்பார்.

தைப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் போய்விட்டார். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மணி நேரத்தில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. எங்கள் பக்கம் அப்படித்தான், உங்கள் பக்கமும் அப்படித்தானே? ஆளை எடுப்பதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். வேன் ஸ்டாண்டில் துரைக்கண்ணு மாமா என்று ஒருத்தர், அப்பாவின் கூட்டாளி, அவர்தான் அச்சடித்துக் கொண்டுவந்து கட்டினார். நான் வாசலில் நின்று பார்க்கிறேன். அப்பா சிரிக்கிறார். கீழே என் பெயருக்குப் பின்னால் ஜெர்மனி.

எனக்கு அழுகை நின்றுவிட்டது அண்ணே. உண்மையாகச் சொல்கிறேன், அந்த எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்புறம் வரவே இல்லை. பாக்கியம் அத்தை ஒப்பாரி வைக்கிறாள். வாசலில் நுழையும்போதே அவளும் ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. "ஏரோப்பிளேன் ஏறும் மகள ஏறிட்டுப் பாக்காமப் போனீங்களே" என்று அதையும் சேர்த்துவிட்டாள். பெண்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுதுகொண்டே, "எப்பம்மா பிளேனு?" என்று காதில் கேட்கிறார்கள். துக்கம் விசாரிப்பதும் வாழ்த்துச் சொல்வதும் ஒரே மூச்சில். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? அப்பாவைக் கூடத்தில் கிடத்திவைத்துக்கொண்டு, ஃப்ளெக்ஸில் ஒரு வரி தப்பு என்று சண்டை போடவா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு துரைக்கண்ணு மாமாவிடம் போனேன். ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடலாமா என்றேன். நான் மெதுவாகத்தான் பேசுவேன், எனக்குச் சத்தமாகப் பேச வராது. அவர் இரண்டு தடவை "என்னது, என்னது?" என்றார். அப்புறம், "இருக்கட்டும் பாப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"ஜெர்மனின்னு யாரு மாமா போடச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்கப்பன்தான் சொன்னான். தீபாவளி கழிஞ்சு மொத நாள் ஸ்டாண்டுக்கு வர்றான். வந்ததும் எல்லாருக்கும் டீ சொன்னான். ஆளுக்கொரு பொட்டலம் பூந்தி. என்னடா ரெங்கா, புது வண்டியான்னு கேட்டேன். பாப்பாவுக்கு செர்மனி ஆயிடுச்சு மாமான்னான். எல்லாரையும் கிண்டல் பண்ற நம்ம ஸ்டாண்டு கலியன்கூட எழுந்து கைகுடுத்தான்னா பாத்துக்கயேன்."

"என்கிட்ட யாருமே கேக்கலையே மாமா?"

"எப்படிக் கேப்போம்? எவனும் பாப்பாகிட்ட வாயத் தொறக்கக்கூடாது, கண்ணு பட்டுடும், அது பிளேன் ஏறட்டும்னு சத்தியம் வாங்கிட்டான்ல? என்னை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போய் ஒண்ணு கேட்டான். திருச்சி ஏர்போர்ட்டுக்குள்ள குட்டியானைய விடுவானா மாமான்னு கேட்டான். வாசல் வரைக்கும் விடுவான்டான்னேன். வாசல் போதும்னான்."

பார்த்தீர்களா? ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார், என்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் அவர் என்னிடம் செர்மனிக்காரனைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன அண்ணே? அவருக்கு யார் சொன்னார்கள் என்றா?

யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இதே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தோம். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மழைத் தூறல். காலையில்தான் முதல் இடத்திலிருந்து இல்லை என்று மெயில் வந்திருந்தது. அவர் வழக்கம்போல, "என்ன பாப்பா, என்ன சொல்றான்?" என்றார். நாளைக்குப் பண்டிகை. இரண்டு மாதமாக அதே கேள்வி. "கிட்டத்தட்ட கிடைச்ச மாதிரிதான்பா" என்று சொன்னேன். ஒரு பேச்சுக்கு. இன்னொரு இடம் பாக்கி இருந்ததே, அதை மனதில் வைத்து. கிட்டத்தட்ட என்றால் கிட்டத்தட்டதானே? அதை முழுசாக ஆக்கிப் பூந்தி வாங்கிக் கொடுத்தது யார்? அதைத்தான் சொல்கிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? விடுங்கள்.

இரண்டாவது இடத்திலிருந்து பிப்ரவரியில் பதில் வந்தது. அதுவும் இல்லை. ஃப்ளெக்ஸ் அப்போது தெருமுனையில்தான் இருந்தது. செல்போனில் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அப்பா.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது விசாரிக்க வருவார்கள். அம்மா ஆரம்பிப்பாள். "என்ன பண்றது, அவரு விதி அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, மகளுக்குக் கெடச்சத கண்குளிரப் பாத்துட்டுத்தான் போனாரு. அந்த மட்டுக்கும் எனக்கு ஆறுதல்." வருகிற ஒவ்வொருத்தரிடமும் இதேதான். ஒரு சொல் மாறாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளியும். அதை எப்படிப் பிடுங்குவது சொல்லுங்கள்? நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். கொத்தவரங்காய் வற்றல்கூடப் போட ஆரம்பித்துவிட்டாள். அங்கே குளிருக்குக் காரமாக ஏதாவது வேண்டுமாம்.

இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர். இந்த ஒரு விஷயத்தில் நான் ஒருத்திதான். இதை யாரிடமாவது சொல்லி அழலாம் என்று தோன்றும்போதெல்லாம் அப்பா முகம்தான் முன்னால் வருகிறது. அவரிடம்தான் இந்த மாதிரியெல்லாம் சொல்ல முடியும். சொன்னால், "போகுது போ, வேற செர்மனிக்காரன் இல்லையா?" என்பார். நிச்சயமாக அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி கடைசி. அது கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஃப்ளெக்ஸில் போட்டது கொஞ்சம் முந்திப் போட்டது, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம். எல்லாக் காகிதமும் தயார். ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள், அது மட்டும் பாக்கி. போன வருஷம் ஒரே ராத்திரியில் எழுதினேன், போர் பைப், புழுதி, மோர் கொடுத்த ஆள், எல்லாம் வைத்து. இப்போது வரமாட்டேன் என்கிறது. ரோஸ்லின் மேடத்திடம் போனேன்.

"அப்பா இறந்ததை எழுதும்மா. அவங்க மனுஷங்கதானே, படிச்சா மனசு இளகும்" என்றார்கள்.

"எப்படி மேடம் எழுதறது?"

"நடந்ததை நடந்தபடி எழுது. வண்டி ஓட்டி உன்னைப் படிக்கவெச்சார், உன் கனவைப் பார்க்காம போயிட்டார்னு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். வந்து உட்கார்ந்து எழுதினேன். நாலு வரி எழுதிப் படித்துப் பார்த்தால், அதுவும் ஒரு ஃப்ளெக்ஸ் மாதிரியே இருந்தது. மேலே அப்பா படம், கீழே என் பெயர். அழித்துவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இதற்கு நடுவில் ஸ்டாண்டில் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. மே மாதமும் முடியப்போகிறதே, பெண் இன்னும் இங்கேயே சுற்றுகிறதே என்று. அந்தக் கலியன் இருக்கிறாரே, கலியபெருமாள், கைகொடுத்தவர், அவர்தான். நேற்று முன்தினம் நான் அந்தப் பக்கம் போகும்போது, "ஏம்ப்பா, செர்மனிக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு? பெரம்பலூர் வழியாப் போவுமா, ஆத்தூர் வழியாப் போவுமா?" என்று யாரையோ கேட்பது மாதிரி கேட்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். இன்னொருத்தர், "ரெங்கன் நல்லா அளந்துட்டுப் போயிட்டான்யா. பூந்தி குடுத்து அளந்தான் பாரு, அதான் டாப்பு" என்கிறார். துரைக்கண்ணு மாமா அங்கேதான் இருந்தார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொல்ல? அப்பா சொன்னது, அப்பா பெயர் கெடுகிறது. நான் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா வருகிற நேரம் ஆயிற்று. நீங்கள் எனக்கு ஒரே ஒரு உதவி செய்தால் போதும் அண்ணே. அம்மா வந்ததும் வண்டி சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது, இன்ஜின் ஆயில் குடிக்கிறது, எது பொருத்தமோ உங்களுக்குத் தெரியும். புரோக்கரிடமும் அதையே சொல்லிவிட்டால் வேறு யாரையும் கூட்டிவர மாட்டார். எனக்கு வேண்டியது இரண்டு மூன்று மாதம்தான். அதற்குள் அந்த இடத்திலிருந்து பதில் வந்துவிடும்.

தெரியும் அண்ணே. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது, நானும்தானே பார்த்தேன். அப்பா வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். ஒரு குறையும் இல்லாத வண்டிதான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஏன்? ஏன் முடியாது?

போனவர் ஓட்டிய வண்டியைக் குறை சொல்ல மாட்டீர்களா? உங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அப்படியா? டயர் தேய்ந்திருந்தால்கூட விலையைக் குறைத்துக் கேட்பீர்கள், வாயால் குறை சொல்ல மாட்டீர்கள். அது போனவரைக் குறை சொன்ன மாதிரி. அப்படியா? எங்கள் ஆட்களும் அப்படித்தான் இருந்தார்கள், நேற்று முன்தினம் வரைக்கும்.

அப்படியானால் எனக்குப் பிடிக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுங்களேன். அதுவும் முடியாதா? பிடித்திருக்கிறதா உங்களுக்கு?

சரி அண்ணே. கோபமில்லை. நீங்கள்...

அம்மா வந்துட்டா.

வாம்மா. இவங்கதான் தா.பேட்டையிலேருந்து வந்திருக்காங்க. பையக் குடு. என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு? வெயிலா? உக்காரு, தண்ணி கொண்டாரேன்.

என்னம்மா? யாரு? செராக்ஸ் கடையிலயா? கலியன் மாமா சொன்னாரா? என்ன சொன்னாரு?

சிரிச்சாங்களா?

உன் முன்னாடியேவா?

இல்லம்மா, நீ அதுக்கெல்லாம்... இவங்க இருக்காங்க, அப்பறம் பேசலாமே.

அவங்களுக்குக் காட்டணுமா? எந்த லெட்டர?

அம்மா, லெட்டர் இல்ல.

இனிமே வரும்னு இல்ல. இல்லவே இல்ல. கெடைக்கலம்மா. ரெண்டு எடத்துலயும் இல்லன்னுட்டாங்க. தீபாவளியப்பவே ஒண்ணு. மாசியில ஒண்ணு.

ஆமா. தெரிஞ்சுதான் இருந்தேன்.

அப்பாவா? அப்பா ஸ்டாண்டுல போயி அவரா...

இல்ல.

இல்லம்மா, அவரு அளக்கல. நான்தான் சொன்னேன். வண்டியில வரும்போது. இவங்ககிட்டகூட இப்பதான் கிட்டத்தட்டன்னு சொன்னேன், ஆனா அப்பாகிட்ட கிட்டத்தட்டன்னு நான் சொல்லல. கெடச்சிடுச்சுப்பான்னு சொன்னேன். அடுத்த வருஷம் அக்டோபர்ல கெளம்பணும்பான்னு சொன்னேன். அவரு வண்டிய ஓரமா நிறுத்திட்டாரு. கொஞ்ச நேரம் ஓட்டவே இல்ல. நான் சும்மா சொன்னேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். வைப்பர் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் சொல்லல.

தெரியாது. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அம்மா, எதாவது சொல்லு. திட்டு.

அண்ணே, நீங்க போங்க. இல்ல, வெல எல்லாம் இப்ப வேணாம். புரோக்கர்கிட்ட நான் பேசிக்கிறேன். வண்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க. நல்ல வண்டின்னு சொல்லிடுங்க. கேட்ட லேசா தள்ளினா தொறக்கும். போயிட்டு வாங்கண்ணே.

அம்மா, எங்க எழுந்துட்ட? உள்ள போயி செத்த நேரம் படு.

வெளிய எங்க? ஸ்டாண்டுக்கா? இந்த வெயில்லயா? அங்க போயி என்னம்மா சொல்லப்போற?

அவரு பொய் சொல்லலன்னு சொல்லப்போறியா?

நான் சொல்றேம்மா. நான் சொன்னத நானே வந்து சொல்றேன். கலியன் மாமாகிட்டயும் சொல்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன். சத்தமாவே சொல்றேன். இரு, நானும் வர்றேன்.

ஏன் வேணாங்கற?

சரி, வரல. நீயே போ. கைய எடுத்துட்டேன், பாரு, புடிக்கல. அம்மா, செருப்பு. ரோடு கொதிக்குதும்மா. அம்மா, செருப்பையாவது போட்டுட்டுப் போ.